படத்தின் ஓரத்தில் இருந்தவள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. தேநீர் ஆறுவதற்குள் ரொட்டியைப் பிட்டுக்கொள்ளுங்கள். நம் ஓஷ் நகரத்தில், பஜாருக்குப் பின் தெருவில், தன்னைத் தானே ஒரு படத்திலிருந்து வெட்டி எடுக்க வேண்டி வந்த ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன்.

பெர்மெட் என்று பெயர். அந்த வீட்டில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மருமகள், அதனால் 'கெலின்', அவ்வளவுதான். மாமியார் சுய்ரகானை அவள் 'எனே' என்பாள். வீட்டின் முன்னறைதான் பேனர் கடை. கல்யாணம், சுன்னத்து, பெரியவர்களின் பிறந்தநாள் என்று எந்த விருந்துக்கும் பின்சுவரில் தொங்க ஒரு பேனர் வேண்டுமே, அதையெல்லாம் வடிவமைப்பது பெர்மெட். காலையில் ஜன்னலோரம் கணினி முன் உட்கார்ந்தால், எழுவது மாட்டுக்கும் அடுப்புக்கும்தான். புருஷன் மிர்லான் மாஸ்கோவில். போனில் அம்மாவிடம் பேசுவான். இவளிடம் பேச நேரம் இருக்காது.

அந்த வீட்டுக் கதவை யாரும் பூட்டி வைக்கவில்லை. ஆனால் போன வசந்தத்தில் மகள் செச்செக்கைத் தூக்கிக்கொண்டு பெர்மெட் தாய்வீடு போனபோது, பொழுது சாய்வதற்குள் மாமியார் வீட்டார் கார்களில் வந்து இறங்கிவிட்டார்கள். பிள்ளையை மட்டும் ஏற்றிக்கொண்டார்கள். "பேத்தி எங்க வம்சம். நீ வந்தவ" என்றாள் சுய்ரகான். மறுநாளே பெர்மெட் தானாகத் திரும்பி வந்தாள். வேறென்ன செய்வாள்?

மாமனாருக்கு எழுபது நிறைந்தது. பெரிய விருந்து. பேனர் வேலை நடக்கும்போது சுய்ரகான் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"கெலின், அந்தக் குடும்பப் படத்தை நடுவுல போடு. ஓரத்துல இருக்கிறவள மட்டும் எடுத்துடு."

ஓரத்தில் இருந்தது பெர்மெட். மடியில் செச்செக்.

"யாரை, எனே?"

"கண்ணு தெரியலையா? உன்னைத்தான். மிர்லான் வரான். தனியா வரல." சுய்ரகான் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "வெனேரான்னு பேரு. அங்கேயே நிக்காஹ் ஆயிடுச்சு. விருந்துல வெச்சு அவ தலையில புது மருமகளுக்குக் கட்டற வெள்ளைத் துணியக் கட்டி வீட்டுக்குள்ள கூட்டிக்கப் போறோம். அவ வந்து நிக்கறப்ப, பின்னால சுவத்துல நீ பல்லைக் காட்டிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

"அப்ப நான்?"

"உன்னை யாரு போகச் சொன்னா? பின்னறை இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு. கடை வேலைக்காரின்னு சொல்லிக்கறேன். பிள்ளை அவள அம்மான்னு கூப்பிடட்டும். இஷ்டமில்லன்னா போயிக்கோ. தனியா."

பெர்மெட் திரையில் படத்தைச் சுற்றியிருந்த சட்டத்தின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். முதலில் தோள் போயிற்று. பிறகு காது, பிறகு கண். தன் முகம் பாதியாகி, கீற்றாகி, இல்லாமல் போவதைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் போகவில்லை. செச்செக்கின் நெஞ்சைச் சுற்றி அணைத்திருந்த கை அது. இன்னும் இழுத்தால் குழந்தையின் கன்னம் போகிறது. விட்டால் கை வந்துவிடுகிறது.

"உன் கை என்ன, டீ சமோவார் காதா? ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது!" என்றாள் சுய்ரகான். "ஆட்டுக்கொம்புப் பூவேலை ஒண்ணைத் தூக்கி அது மேல வை."

வைத்தாள். விரல்களின் மேல் சிவப்பாக ஒரு கொம்பு வளைவு வந்து படுத்துக்கொண்டது.

"இப்ப பாரு, எவ்வளவு பாந்தமா இருக்கு!"

இந்த வரைகலை மென்பொருளில் படத்தை வெட்டுவது கத்தரிக்கோல் வேலை இல்லை, ஜன்னல் வேலை. சட்டத்துக்குள் விழுவது தெரியும். மற்றது சுவருக்குப் பின்னால் முழுசாக உட்கார்ந்திருக்கும். அச்சுக்கு அனுப்புமுன் எல்லாவற்றையும் ஒரே படமாக இறுக்கிவிட வேண்டும். அப்போதுதான் மறைந்தது நிஜமாகவே அழியும். பெர்மெட் இதை ஒருநாளும் மறந்தவள் இல்லை. அன்றும் அம்புக்குறியை அந்தக் கட்டளையின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். அழுத்த விரல் வரவில்லை. அப்படியே அனுப்பிவிட்டாள். திட்டம் கிட்டம் ஒன்றுமில்லை. தன் கையால் தன்னை அழித்துக்கொள்ள மனசு இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் மாமியாரும் மருமகளும் விருந்துக்குப் போர்சோக் பலகாரம் பொரிக்க மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். போன் அடித்தது. பஜாரில் பெரிய அச்சு இயந்திரம் வைத்திருக்கும் தோக்தோசுன்.

"என்ன கெலின், உன் ஃபைலு இங்க வந்து கழண்டுக்கிச்சு! என்கிட்ட இருக்கறது பழைய வெர்ஷன்னு தெரியாதா உனக்கு? சட்டம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். ஆட்டுக்கொம்பு போய் உன் மாமனார் மூக்கு மேல உக்காந்திருக்கு."

"சொல்லுங்க, பைக்கே," என்றாள் பெர்மெட், அண்ணனைக் கூப்பிடும் மரியாதையோடு.

"மூக்க நான் காப்பாத்திடறேன். ஆனா மறைச்சு வெச்சதெல்லாம் வெளிய வந்துடுச்சு. நீ இருக்கே, மடியில குட்டி. நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மறைச்சே? சட்டத்த அகலமாக்கி முழுசா அடிச்சிடவா? இல்ல, மறுபடி அனுப்பறியா?"

சுய்ரகான் தலை நிமிர்ந்தாள். "யாரு? என்னவாம்?"

"அச்சுக்கார பைக்கே. அளவு கேக்கறார், எனே."

"எல்லாத்துக்கும் உன்னைக் கேக்கணுமா அவன்? மண்டையில என்ன இருக்கு, தவிடா?"

போனுக்குள் தோக்தோசுன் சிரித்தான். "கேட்டுச்சு, கேட்டுச்சு. சொல்லும்மா, வாய் ஒட்டிக்கிச்சா? முழுசாவா?"

மாமியாரின் முழங்கை இவள் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது. விலக இடமில்லை, ஒரு பக்கம் சுவர்.

"ஆமா பைக்கே," என்றாள் பெர்மெட். "முழு அளவுதான்."

அதற்குப் பிறகு திரும்பக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்ல எத்தனை தடவை போனை எடுத்தாளோ! எடுத்த ஒவ்வொரு தடவையும் கீழே வைத்தாள்.

விருந்து மண்டபத்தில் தோக்தோசுனின் ஆட்களே வந்து பேனரைக் கட்டிவிட்டுப் போனார்கள். வெள்ளைத் தொப்பிப் பெரியவர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வாசலில் விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்த சுய்ரகான், மிர்லானோடு வந்து இறங்கிய வெனேராவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தபோதுதான் சுவரைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வெனேராவும் பார்த்தாள். பேனர் அடியில் விளையாடிக்கொண்டிருந்த செச்செக்கிடம் குனிந்தாள்.

"இது நீதானே, குட்டி? இது யாரு?"

"எங்கம்மா."

"உங்கம்மா உன்னை விட்டுட்டு ஓடிப்போயிட்டாங்கன்னாங்களே?"

"இல்லையே. அதோ, கறித் தட்டு தூக்கிட்டு வராங்க பாருங்க!"

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தட்டோடு நின்றாள் பெர்மெட். வெனேரா அவளைப் பார்த்தாள், பிறகு மிர்லானைப் பார்த்தாள். "இவங்கதான் ஓடிப்போனவங்களா?" மிர்லான் தன் பூட்ஸ் முனையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

சுய்ரகானுக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. எதிரே யார் இருக்கிறார்கள் என்பதே மறந்துபோயிற்று.

"போடி! சபையில என்னை நாறடிச்சிட்டியே! உன் பிள்ளையத் தூக்கிக்கிட்டு போ! ரெண்டு பேரும் இனிமே என் வாசப்படி மிதிக்கக் கூடாது!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. "இல்ல, நான் வந்து..." என்று ஆரம்பித்தாள்.

மாமனார் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். வீட்டில் அதிகம் பேசாத மனிதர். "சொல்லிட்டே, கிழவி," என்றார். "பெரியவங்க இத்தனை பேரும் கேட்டோம்."

விருந்தில் பெரியவர்கள் காதில் விழுந்த சொல்லைத் திருப்பி வாங்க நம் பக்கத்தில் யாரால் முடியும்?

பெர்மெட் தட்டை மேஜை மேல் அலுங்காமல் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். செச்செக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே நடந்தாள். யாரும் மறிக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் கைநிறைய போர்சோக்கை அள்ளி, குழந்தையின் சட்டைப் பையில் போட்டார்.

தாய்வீட்டுப் பக்கம் போகும் வேனில் ஏறி உட்கார்ந்ததும் செச்செக் கேட்டாள். "கார்ல வந்து என்னை எடுத்துட்டுப் போயிடுவாங்களாம்மா?"

"வரமாட்டாங்க, கண்ணு."

அப்படிச் சொன்னாளே தவிர, தாய்வீடு வரும்வரை வழியெல்லாம் பின்கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டு போனாள் பெர்மெட்.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் விருந்துகளில் ஒருத்தருக்கும் இடம் குறையாதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் அவரவர் அம்மா மடியில் பயமில்லாமல் தூங்கட்டும். ஓமின்.