தெளிந்த தண்ணீர்

இப்படியா, இன்றைக்குப் பார்த்தா இது இப்படிக் கண்ணாடியாக ஓட வேண்டும், நேற்று வரை மஞ்சளும் சாம்பலும் கலந்த குழம்பாகத்தானே கிடந்தது இந்த ஓடை, மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுமே... மேலே தங்கச் சுரங்கத்துக்காரர்கள் கழிவுக் குழாயை அடைத்துவிட்டிருப்பார்கள், கோர்ட் அனுப்பிய அதிகாரி வருகிறார் என்று அவர்களுக்கு யார் சொன்னது, யார் சொல்ல வேண்டும், அவர் வந்து இறங்கியதே கம்பெனி ஜீப்பில்தான். ஊர் சேர்ந்து போட்ட வழக்கு, அதில் முதல் கையெழுத்து அவளுடையது, இவர் பார்த்து எழுதுவதை வைத்துத்தான் குழாயை மூடச் சொல்வதா வேண்டாமா என்று தீர்ப்பு வரும், இவரோ பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரை ரசித்துக்கொண்டிருக்கிறார். எந்த ஊரிலாவது தண்ணீர் தெளிந்துவிட்டதே என்று ஒருத்திக்கு அழுகை வருமா?

"அடியில பாருங்க சார், எல்லாம் படிஞ்சு கிடக்கு, காலால கலக்கினா மேல வரும்" என்றாள். அதிகாரியோடு வந்திருந்த கம்பெனி வக்கீல் சிரித்தார். "எந்த ஓடையைக் கலக்கினாலும் சேறு வரத்தாம்மா செய்யும்." நோகாமல் பேசுகிற மனிதர்... இதற்குப் பதில் இல்லாமலா, தெருவில் பாதிப் பேருக்குக் கை நடுங்குகிறது, அண்ணிக்குப் பிள்ளை செத்துப் பிறந்தது, அதையெல்லாம் கரையில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது, சொன்னால் டாக்டர் சீட்டு எங்கே என்பார், இங்கே இருக்கிற ஒரே டாக்டரும் கம்பெனி டாக்டர். அப்போதுதான் மகளைப் பார்த்தாள். பாறையில் குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக்கொண்டிருந்தது. தொடாதே தொடாதே என்று அடித்து வளர்த்த பிள்ளை, பளபளவென்று ஒரு தண்ணீரைப் பிறந்ததிலிருந்து கண்டதில்லை, ஆசை யாரை விட்டது. தெளிந்திருந்தாலும் விஷம் விஷம்தான் என்று, டவுனிலிருந்து வந்து தண்ணீரைச் சோதித்த கல்லூரிப் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கத்த வேண்டும், வாயும் திறந்துவிட்டது, ஆனால் உள்ளே ஏதோ ஒன்று, இரு, என்றது... குடிக்கட்டும், இவர் கண் முன்னாலேயே வாந்தி எடுக்கட்டும், அப்போதாவது எழுதுவாரா... குவித்த கை உதட்டுக்குப் போனது. தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது.

அதற்குப் பிறகுதான் கத்தினாள், ஓடினாள், வாயில் விரலை விட்டுத் துப்புடி, துப்பு என்று உலுக்கினாள். "நல்லாத்தானேம்மா இருக்கு" என்றது பிள்ளை. வக்கீல் அதற்குள் ஃபோனில் படம் எடுத்திருந்தார், குழந்தையே குடிக்குது சார், குறிச்சுக்கோங்க என்றார், அதிகாரியும் குறித்துக்கொண்டார். அண்ணி பதறி ஓடிவந்து அவள் முதுகைத் தடவினாள். "பெத்தவ கண்ணு எப்படித்தான் பார்த்துச்சோ, நீ பார்க்கலைன்னா வயிறு முட்டக் குடிச்சிருக்கும்." இல்லை அண்ணி, முன்னமே பார்த்துவிட்டேன், முன்னமே... மகளின் வாயை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். எவ்வளவு நேரம் இருக்கும், ஒரு மூச்சு விடுகிற நேரமா, அந்த நேரத்தில் அங்கே நின்றது யார், இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கண் மூடாமல் கிடப்பவள்தானா? ஒன்றும் ஆகவில்லை, ஈரக் கையை உதறிக்கொண்டு இதோ சிரிக்கிறது, அவள் இன்னமும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எதை எதிர்பார்த்து என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.