இரண்டாம் அறையில் இன்னும் நடக்கவில்லை

முதல் அறையில் யார் தும்மினாலும் ரோஸ்லின் இரண்டாம் அறைக்குப் போய்த் தும்ம வேண்டும். அங்கே கோமதி "ஆச்சு" என்பாள். அந்த "ஆச்சு"வை ரோஸ்லின் திரும்பக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் தும்மியவர் வாயை மூடலாம். பெரும்பாலும் தும்முகிறவர் பத்ரி. அவர் மேலாளர். ஏசி அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. வாயைத் திறந்தபடி நின்று கண்ணால் மட்டும் அவசரப்படுத்துவார்.

இந்த ஏற்பாட்டைச் செய்ததே ரோஸ்லின்தான். அதனால் யாரையும் திட்ட முடியவில்லை.

கம்பெனியில் நிறைய சர்வர்கள் இருந்தன. எல்லாம் ஒரே நினைவைப் பொதுவில் வைத்துக்கொண்டு வேலை செய்தன. ஒன்று படுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பது அதே நினைவிலிருந்து எடுத்து வேலையைத் தொடரும். வெளியே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. ஆனால் அந்தப் பொது நினைவே படுத்துவிட்டால்? அதற்காக அதை இரண்டு அறைகளில் இரண்டு பிரதியாக வைத்தாள். முதல் அறையில் நடக்கிற எதுவும் இரண்டாம் அறையிலும் பதிய வேண்டும். அங்கிருந்து "ஆச்சு" வரும்வரை அது நடந்ததாக ஆகாது.

இயந்திரங்களுக்கு மட்டும் என்று அவள் வரைபடத்தில் குறிப்பிடவில்லை. மறந்துவிட்டாள் என்பது பத்ரியின் கட்சி. இதையெல்லாம் சொல்லவா வேண்டும் என்பது அவள் கட்சி. சொல்லியிருக்க வேண்டும்.

மீட்டிங்கில் பத்ரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்த ரூம்லேர்ந்து பதில் வரலைன்னா முதல் ரூம் எவ்ளோ நேரம் வெயிட் பண்ணும்?"

"வர்ற வரைக்கும்."

"ஒரு லிமிட் வச்சுக்கலாமே. வரலைன்னா விட்டுட்டுப் போயிடலாம்."

"விட்டுட்டுப் போனா ரெண்டு ரூமும் ஒண்ணா இருக்காது சார். ஒரு பொட்டுகூடச் சிந்தக் கூடாது."

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு இரண்டாம் அறைக்குப் போய் அங்கேயும் கைதட்டினார்கள். ரோஸ்லினுக்கு அன்று தலைகால் புரியவில்லை. தூத்துக்குடிக்குப் போன் போட்டு அப்பாவிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

அறைகளுக்கு நடுவே கேபிள் போடும்வரை நானே நடக்கிறேன் என்று சொன்னவளும் அவள்தான். கேபிள் வந்தது. அதற்குள் தாழ்வாரம் நீண்டுவிட்டது. அளந்து வேறு கேபிள் வாங்கினார்கள். தாழ்வாரம் இன்னும் நீண்டது. வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்று கட்டடக்காரர் சொல்லிவிட்டார்.

அவள் நடந்தாள். முதல் அறையில் டீ குடித்தால் இரண்டாம் அறையில் இன்னொரு டீ. சாப்பாடும் இரண்டு தடவை. பத்ரி அவளைத் திட்டினால் அவளே இரண்டாம் அறையில் போய் நின்று தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டும். ஒரு சொல் விடக் கூடாது. கோமதி முழுவதையும் கேட்டுவிட்டு "ஆச்சு" என்பாள். நல்ல பெண். ஆறுதலாக ஏதாவது சொல்ல அவளுக்கும் ஆசைதான். ஆனால் எதுவும் முதல் அறையில்தான் தொடங்க வேண்டும். ஆறுதலும் அப்படித்தான்.

தாழ்வாரத்தின் நடுவில் ஒரு நாற்காலியில் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். அவர் வேலை சாட்சி. இரண்டு அறைகளும் ஒன்றையொன்று தொலைத்துவிட்டு, நானே சரி என்று இரண்டுமே சொன்னால், அவர் கை காட்டுகிற அறைதான் சரி. இதுவரை அவர் கை காட்டியதில்லை. பெரும்பாலும் நகம் வெட்டிக்கொண்டிருப்பார்.

அன்று காலை முதல் அறையில் போன் அடித்தது. ரோஸ்லினின் அண்ணன் சேவியர், ஊரிலிருந்து.

"ஏட்டி, அப்பா மூச்ச இழுத்துட்டாரு."

"இழுத்து?"

"இனி விடணும்."

அவ்வளவுதான். சேவியர் அப்படியே நின்றுபோனான். அவன் பின்னால் யாரோ அழுதுகொண்டிருந்த சத்தமும் பாதியில் நின்றது. இந்தப் பக்கம் பத்ரி டீ கிளாஸை உதட்டில் வைத்தபடி நின்றார். மேலே ஃபேன் நின்றது. பத்ரியின் கண் மட்டும் கதவைப் பார்த்தது. போய்ச் சொல்லிவிட்டு வா என்று அர்த்தம்.

ரோஸ்லின் வெளியே வந்து ஓடினாள். பிறகு, எதற்கு ஓடுகிறோம் என்று நடந்தாள். பிறகு நின்றாள். நிற்கவும் முடியவில்லை. போனால் அப்பா போய்விடுவார். போகாவிட்டால் எதுவுமே நடக்காது. தாழ்வாரம் அவளுக்கு முன்னாலும் நீண்டது, பின்னாலும் நீண்டது.

"இன்னாம்மா, தும்மல் மாரி தெரியலியே?" என்றார் தணிகாசலம்.

"எங்கப்பா."

"அந்த ரூம்ல கீறாரு. இப்பத்தான் போன் அடிச்சுது. கோமதி பேசிக்கினு இருக்குது."

"இந்த ரூம்ல?"

"இது வாயத் தொறந்துக்கினு நிக்குது."

"அப்ப ரெண்டும் வேற வேற சொல்லுது. நீங்கதான் கை காட்டணும். அந்த ரூம்தான் சரின்னு காட்டிடுங்க."

தணிகாசலம் நகவெட்டியை மடித்துப் பையில் போட்டார்.

"எந்த ரூமு இருக்கணும்னுதான் நான் சொல்வேன். எந்த ஆளு இருக்கணும்னு சொல்ல மாட்டேன். அந்த வேலைக்கு என்னைப் போடல."

அவர் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு நடந்ததில் இரண்டாம் அறை சீக்கிரம் வந்துவிட்டது.

கோமதி ரிசீவரை நீட்டினாள். "உங்க அப்பா."

"ஏட்டி ரோஸ்லி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்ப்பா."

"ரெண்டு வாட்டியும்?"

"ரெண்டு வாட்டியும்."

"நல்லது."

அவர் குரல் இறுகலாக இருந்தது. துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வருகிற படகில் எஞ்சின் பார்த்தவர். புகைக்கு மூச்சை அடக்கிக்கொண்டு பேசிப் பழக்கம். இப்போதும் அப்படித்தான் பேசினார்.

"இழுத்த மூச்சு அப்படியே நிக்கி. விடலாம்னு பாத்தா, ஒங்க கம்பெனில இன்னும் ஆகலங்காவ."

"கஷ்டமா இருக்காப்பா?"

"கப்பல இழுத்துக் கொண்டாந்தாச்சு. கயித்த அவுக்க ஆளு வரல. அப்படி இருக்கு."

"நான் சொல்லலைன்னா?"

"நின்னுக்கிட்டே இருக்கும். பொட்டு சிந்தாம செஞ்சிருக்கேன்னு சொன்னியே. நல்லாத்தான் செஞ்சிருக்க."

அதைக் கேட்டதும் அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. அப்பா கேலி செய்யவில்லை. உண்மையாகவே பாராட்டினார்.

கோமதி உதட்டைக் குவிக்கவும் இல்லை, மூடவும் இல்லை. காத்திருந்தாள். ரோஸ்லின் ரிசீவரைக் காதில் வைத்தபடியே, அண்ணன் சொன்னதையும் தான் கேட்டதையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

"ஏட்டி, அப்பா மூச்ச இழுத்துட்டாரு. இழுத்து? இனி விடணும்."

"ஆச்சு," என்றாள் கோமதி. அவள் கண் கலங்கியது. கலங்க அனுமதியில்லாததால் உடனே தெளிந்தது.

"சரிம்மா," என்றார் அப்பா. "கொண்டுபோய்ச் சேத்துரு. மெதுவாப் போ, ஓடாத."

அவள் மெதுவாகத்தான் நடந்தாள். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் அன்று தாழ்வாரம் குட்டையாக இருந்தது. தணிகாசலத்தைத் தாண்டியதும் முதல் அறையின் கதவு எதிரே நின்றது. ஒரு நாளும் இப்படி வந்ததில்லை.

மேஜையில் கிடந்த ரிசீவரை எடுத்தாள்.

"ஆச்சு," என்றாள்.

ஃபேன் சுற்றியது. பத்ரி டீயை உறிஞ்சினார், ஆறிவிட்டது என்று முகம் சுளித்தார். போனில் மறுமுனையில் ஒரு மூச்சு வெளியே போனது. நீளமாகப் போனது. அதற்குப் பிறகு பாதியில் நின்ற அழுகை மீதியையும் அழுதது.

பத்ரி கிளாஸை வைத்துவிட்டு அவளிடம் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு கையை அவள் தோள்பக்கம் நீட்டினார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு ரோஸ்லின். நீங்க உடனே ஊருக்குக் கிளம்..."

அப்படியே நின்றார். அந்த வருத்தத்தையும் இரண்டாம் அறையில் போய்ச் சொல்ல வேண்டும். அதுவரை ஊருக்குக் கிளம்பவும் முடியாது. அவரது கண் கதவைப் பார்த்தது.

இங்கே அழலாமா என்று ரோஸ்லின் யோசித்தாள். அழுதால் அங்கே போய் இதேபோல் அழ வேண்டும். எத்தனை விம்மல், எந்தக் கண்ணில் முதலில் என்று கோமதி பார்த்துக்கொண்டிருப்பாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

தணிகாசலம் எழுந்து நின்றிருந்தார். நாற்காலியைத் துண்டால் துடைத்திருந்தார்.

"உள்ள இன்னா சொன்னாரு?"

"ரொம்ப வருத்தமா இருக்காம். போய்ச் சொல்லணும்."

"எவ்ளோ நேரம் காத்துக்கினு இருப்பாரு?"

"வர்ற வரைக்கும். அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கேன்."

"அப்ப உக்காரு."

"இங்கயா?"

"இது எந்த ரூமும் இல்லம்மா."

ரோஸ்லின் உட்கார்ந்தாள். தணிகாசலம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முதல் அறையில் பத்ரி நீட்டிய கையோடு நின்றுகொண்டிருந்தார். அவள் அழத் தொடங்கினாள். அதை யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.