நாலு மணி வரைக்கும் முடிவெடுக்கக் கூடாது

மாடியில் காயவைத்திருந்த வடகத்தைக் குரங்கு எடுக்கிறதென்று ஜோதியம்மாள் துடைப்பத்தோடு ஓடினார். குரங்கு ஒரு பிடி வடகத்தோடு அடுத்த மாடிக்குத் தாவிவிட்டது. ஜோதியம்மாள் ஈரத்தில் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

வீடு இருந்த வேங்கிக்காலிலிருந்து ஆட்டோ பிடித்து டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது கணவர் கண்ணாயிரம். அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் கொடுத்தால் பஸ் நின்றது, மறுபடி கொடுத்தால் கிளம்பியது. வீட்டில் அந்த விசில் ஜோதியம்மாள் கையில் இருந்தது. இன்றைக்கு என்ன குழம்பு, மகள் மணிமொழி என்ன படிக்க வேண்டும், கண்ணாயிரம் எந்தச் சட்டையைப் போட வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. கண்ணாயிரத்துக்கு அதில் குறையொன்றும் இருந்ததில்லை. நிம்மதியாகத்தான் இருந்தார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நகர்ந்திருக்கிறது, கொஞ்ச நேரம் மயக்கம் கொடுத்து இழுத்துச் சேர்த்து மாவுக்கட்டு போட வேண்டும் என்றார்கள். மயக்க மருந்து டாக்டர் அருணாதேவி ஒரு தாளோடு வந்து உட்கார்ந்தார்.

"காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்புடல டாக்டர். பச்சத் தண்ணி பல்லுல படல," என்றார் ஜோதியம்மாள்.

கண்ணாயிரத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் சோறு எப்போது கிடைக்குமோ என்று, வலியில் முனகிக்கொண்டே, ஜோதியம்மாள் நின்றவாக்கில் சாப்பிட்டதை அவர் பார்த்திருந்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் டாக்டர். "மயக்கத்துல தொண்டைக்குக் காவல் இருக்காது. வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடும். உயிருக்கே ஆபத்து. நீங்க சொல்றத நம்பித்தான் நான் மருந்து குடுக்கறேன்."

"அதான் சொல்லிட்டேனே. சீக்கிரம் முடிச்சு விடுங்க. நாளைக்குப் பொண்ணப் பாக்க வராங்க."

கண்ணாயிரத்தின் வலது கை தானாக மேலே போனது, வகுப்பில் பையன் கை தூக்குவதுபோல.

"நாலு இட்லிங்க," என்றார்.

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"வேர்க்கடலை சட்னி. எட்டரை மணிக்கு. அப்புறம் காபி ஒரு டம்ளர். பால் ஜாஸ்தி."

முப்பத்தோரு வருஷத்தில் அவர் மனைவி சொன்னதற்கு மாற்றாக ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. ஜோதியம்மாள் பார்த்த பார்வையில் உடைந்த கையின் வலிகூடக் காணாமல் போயிருந்தது. ஆனால் கண்ணாயிரத்தால் இப்போது நிறுத்த முடியவில்லை. பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். போடுகிறேன் என்றார் ஜோதியம்மாள். "ரெண்டு நாளா போடலிங்க" என்றார் கண்ணாயிரம். ஆடுகிற பல் உண்டா? இல்லை. "கீழ் வரிசைல ஒண்ணு ஆடுதுங்க." குறட்டை? சுத்தமாக இல்லை. "பக்கத்து வீட்டு ராமகிருஷ்ணன் ஜன்னலச் சாத்திட்டுத்தாங்க தூங்குறாரு."

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் உங்க உயிரக் காப்பாத்தியிருக்காரும்மா," என்றார். "மூணு மணிக்கு வெச்சுக்கலாம்."

மூன்று மணிவரை ஜோதியம்மாள் கண்ணாயிரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த மலைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்து கொடுத்து, எலும்பைச் சேர்த்து, மாவுக்கட்டு போட்டு வெளியே கொண்டுவந்தபோது அவர் கண் பாதி திறந்திருந்தது.

"என்னாங்க," என்றார் குழறலாக. "மலை எந்திரிச்சு பஸ் ஸ்டாண்டுக்குப் போவுது. டிக்கெட் குடுங்க."

கண்ணாயிரம் பதறி நர்ஸைப் பார்த்தார். இந்த மருந்துக்கு இப்படிக் கனவு வருவதும் உளறுவதும் சகஜம், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும், எதிர்த்துப் பேசாதீர்கள் என்றார் நர்ஸ்.

"அதுக்கு முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா?"

"லக்கேஜ்ல போட்டுக்கலாம் ஜோதி," என்றார் கண்ணாயிரம்.

ஜோதியம்மாள் திருப்தியாகக் கண்ணை மூடினார்.

சாயங்காலம் கிளம்பும்போது டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். குமட்டல், தலைசுற்றல், தூக்கக் கலக்கம் வரலாம். கூட ஒருத்தர் இருக்க வேண்டும். அடுப்புப் பக்கம் போகக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது. எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. முக்கியமான முடிவு எதுவும் எடுக்கக் கூடாது. கீழே பேனாவால் 'நாளை மாலை 4 மணி வரை' என்று எழுதியிருந்தது.

கண்ணாயிரம் அதை மூன்று முறை படித்தார். முப்பது வருஷம் சர்க்குலர் படித்து அதன்படி நடந்த மனிதர் அவர்.

வீட்டுக்கு வந்ததும் ஜோதியம்மாள், "ராத்திரிக்கு உப்புமா கிண்டச் சொல்லுங்க மணிமொழிய," என்றார்.

"அது முடிவு ஜோதி."

"எது?"

"உப்புமா. நாலு மணி வரைக்கும் நீ முடிவெடுக்கக் கூடாது."

கண்ணாயிரம் டாக்டருக்குப் போன் போட்டார். உப்புமா முக்கியமான முடிவு இல்லை என்றார் டாக்டர். அரைமணி கழித்து மறுபடி போட்டார். நாளைக்கு எந்தப் புடவை கட்டுவது என்பது எப்படி? அதுவும் இல்லை. ஏழாவது தடவை டாக்டர் கொஞ்சம் களைத்த குரலில், "எதுக்குங்க சந்தேகம், எல்லாத்தையும் நாலு மணிக்கு மேல வெச்சுக்கோங்க," என்றார். கண்ணாயிரம் அதையும் தாளிலேயே எழுதிவைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பத்தரைக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளைப் பையன் பாலாஜி, அவன் அப்பா திருமலை, அம்மா ரேணுகாம்பாள், இன்னும் ஐந்து பேர். பஜ்ஜி வந்தது, காபி வந்தது. மணிமொழி வந்து உட்கார்ந்தாள். இருபத்தேழு வயது, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. திருமலை தொண்டையைச் செருமினார்.

"எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க. நீங்க என்னாம்மா சொல்றீங்க?"

ஜோதியம்மாள் வாயைத் திறந்தார். கண்ணாயிரம் எழுந்து நின்றார்.

"மன்னிச்சுக்கணும். நாலு மணி வரைக்கும் இவங்க பதில் சொல்லக் கூடாது."

தாள் கைமாறியது. திருமலை படித்தார். ரேணுகாம்பாள் படித்தார். ஐந்து பேரும் வரிசையாகப் படித்தார்கள். கல்யாணத்தை விட முக்கியமான முடிவு எது என்று ஒருவர் கேட்டதற்கு யாரிடமும் மறுப்பில்லை.

"அப்ப நீங்க சொல்லுங்க," என்றார் திருமலை.

"நானா?" என்றார் கண்ணாயிரம். அப்படியொரு வழி இருப்பது அவருக்குத் தோன்றவே இல்லை. "எனக்குப் பழக்கமில்லிங்க."

ஒருவழியாக, இருந்து கேட்டுவிட்டே போகலாம் என்று முடிவானது. பாய் விரித்தார்கள். ஒரு மணிக்குப் பதினோரு பேருக்கும் பசித்தது. என்ன சமைப்பது? ஜோதியம்மாள் வாயைத் திறக்கும்போதெல்லாம் எட்டுத் தலைகள் அன்போடு ஆடி அவரைத் தடுத்தன. ரேணுகாம்பாள் ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவர் முதுகுக்கு வைத்தார். கடைசியில் பாலாஜியும் மணிமொழியும் போய்ச் சாப்பாடு வாங்கி வருவதென்று ஆனது. போனவர்கள் இரண்டு மணிக்குத்தான் திரும்பினார்கள். வந்த சாப்பாட்டில் ரசம் இல்லை. ரசத்தை மறந்துவிட்டு இருவரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு மாடிக்குப் போனார்கள்.

திருமலை கண்ணாயிரத்தை வாசலுக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்த மருந்து பேரு என்னாங்க? ஒருவாரம் தாங்குற மாதிரி இருக்குதா?"

நாலு மணி ஆனது. எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். கண்ணாயிரத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல இருந்தது. "ஜோதி, இப்ப சொல்லு," என்றார்.

ஜோதியம்மாள் தலையணையில் சாய்ந்தபடியே இருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படி ஒரு பகல் முழுக்க யாரும் அவரை எதுவும் கேட்காமல் இருந்ததில்லை. முகம் தெளிவாக இருந்தது. முந்தின நாள் காலையில் இருந்த கோபத்தைக் காணவில்லை.

"எனக்கு இன்னும் தலை சுத்துது," என்றார். "நீங்களே சொல்லிடுங்க."

கண்ணாயிரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு மணிக்கு மேலும் சுத்தினால் என்ன செய்வதென்று அதில் இல்லை. பத்துப் பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மகளைப் பார்த்தார். மணிமொழி பாலாஜியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்குச் சம்மதம்பா. மேல்படிப்புப் பரீட்சை முடியட்டும், வைகாசியில வெச்சுக்கலாம்னு பேசிட்டோம். நீ சரின்னு மட்டும் சொல்லு."

கண்ணாயிரம் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரிங்க," என்றார்.

சொன்ன மாத்திரத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்த்தது. ரேணுகாம்பாள் விசிறினார், யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அப்போது டாக்டரே போன் செய்தார். மணிமொழி எடுத்தாள்.

"அம்மா நல்லா இருக்காங்க டாக்டர். கை வலி கம்மியாயிடுச்சு. அப்பாவுக்குத்தான் தலை சுத்துது, குமட்டுதுன்றாரு."

"அவர் என்னம்மா மருந்து சாப்பிட்டாரு?"

"ஒண்ணும் சாப்பிடல டாக்டர். ஒரு முடிவெடுத்தாரு."

படுக்கச் சொல்லுங்கள், ஒரு நாளில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். ஜோதியம்மாள் தன் முதுகிலிருந்த தலையணையை உருவி, நல்ல கையால் கணவரிடம் நீட்டினார்.