தாளில் சுற்றிய கண்ணாடி

குப்பை வண்டியைக் கவிழ்த்ததும் குவியலிலிருந்து ஆவி எழும்பியது. பெண்கள் மூக்கைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுற்றி உட்கார்ந்தார்கள். அழுகிய காய், மருந்துச் சீசா, கிழிந்த செருப்பு என்று கை தானாகப் பிரித்துப் போட்டது. வாய்க்கும் வேலை வேண்டுமே. அது மேயர் தேர்தலைப் பிரித்துக்கொண்டிருந்தது.

அவர்களில் ஒருத்தியை எல்லோரும் கையுறை என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று, கையுறை எப்போது வரும் என்று அதிகாரியைக் கேட்டுவிட்டாள். கையுறை வந்து சேரவில்லை, பெயர் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. அது கிடக்கட்டும். இப்போது அவளுக்குத் தலைக்கு மேல் கவலை. இதே குவியலில்தான் அவள் தங்கையின் உள்ளங்கையை உடைந்த கண்ணாடி கிழித்தது. சீழ் பிடித்து, விரல் மடங்காமல் வீட்டோடு கிடக்கிறாள். ஒப்பந்தக் கூலிக்கு ஏது லீவு?

"தேர்தல் வரைக்கும் உன் தங்கச்சி பேர எடுக்காம வச்சிருக்கேன்," என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். "புது மேயர் வந்ததும் ஆள்கணக்கு எடுப்பாங்க. அவங்க சொல்றதுதான். என்னைக் குத்தம் சொல்லாத."

ஆகவே யாருக்கு ஓட்டு என்பது கையுறைக்கு வெட்டிப்பேச்சு இல்லை. தங்கையும் அவள் பிள்ளைகளும் சாப்பிடுகிற சோறு அதில் இருந்தது.

"இப்ப இருக்கிறவன் வேண்டவே வேண்டாம்," என்றாள் பக்கத்திலிருந்த வாயாடி. "அவன் வீட்டுக் குப்பைக்குத் தனி வண்டியாம். குப்பையக்கூட நம்மள நம்பிக் குடுக்காதவன், நமக்கு என்னத்தக் கிழிக்கப் போறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். போட்டியில் மிச்சம் இருந்தவர்கள் வக்கீலும் டாக்டரம்மாவும். இரண்டு பேர் வீடும் இவர்கள் குப்பை எடுக்கிற தெருக்களில்தான் இருந்தன. வக்கீல் இங்கே வந்து இவர்களோடு தரையில் உட்கார்ந்து பேசியவர். தங்கைக்காக மாநகராட்சிக்கு மனு எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். டாக்டரம்மா மேடையில் பேசினாள். காயம் பட்டால் சம்பளத்தோடு விடுப்பு, யார் வேலையும் போகாது என்று அடித்துச் சொன்னாள்.

"மேடைப்பேச்ச விடுங்கடி," என்றாள் கையுறை. "வீட்டுக்குள்ள ஆளு எப்படின்னு நமக்குத் தெரியாததா?"

அது உண்மை. எந்த வீட்டில் குடிக்கிறார்கள், எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாகச் சாப்பிடுகிறார்கள், எல்லாம் இவர்கள் கைக்கு அத்துப்படி. வக்கீல் வீட்டுப் பையைப் பிரித்தால் சிகரெட் சாம்பலும் மிச்சச் சோறும் ஒன்றாய்க் குழைந்திருக்கும். அதற்குள் சவர பிளேடு எதிலும் சுற்றாமல் மொட்டையாகக் கிடக்கும். வாயாடியின் கட்டைவிரல் தழும்பு அவர் உபயம். டாக்டரம்மா வீட்டுப் பையோ பார்க்கவே லட்சணம். உடைந்த தம்ளர்கூடச் செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றி, துணிநாடா போட்டுக் கட்டி வரும்.

கையுறை அன்றைக்கு வந்த பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள். "இதச் சுத்தறப்ப அந்தம்மா மனசுல யாரு இருந்திருப்பா? இதப் பிரிக்கிறவ கை இருந்திருக்கு. என் தங்கச்சி கைய நெனச்ச மாதிரிதான?"

"வக்கீலு மனு எழுதினாரேம்மா," என்று வண்டிக்காரர் இழுத்தார்.

"எழுதினாரு, யாரு இல்லேன்னா? பிளேடையும் போட்டாரேண்ணே."

கையுறை அதோடு விடவில்லை. வேலை முடிந்து வீடு வீடாகப் போய், பொட்டலத்தின் கதையைச் சொல்லி ஓட்டுக் கேட்டாள். ஓட்டுப் போடுகிற அன்று தங்கையையும் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையால் குத்திவிட்டு வந்தாள் தங்கை.

"சரியாக் குத்தினியாடி?"

"நீ சொன்னதுலதான்க்கா குத்தினேன்."

டாக்டரம்மா ஜெயித்தாள். இவர்கள் குடியிருப்பு ஓட்டு அப்படியே வக்கீலுக்கு விழுந்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

அவள் பதவியேற்ற மறுநாள் காலை, புது மேயர் வீட்டு வாசலைக் கூட்ட இவர்களைத்தான் அனுப்பினார்கள். வெடித்த பலூனும் மிதிபட்ட மாலையும் சுவரொட்டியும் தெருவெல்லாம் கிடந்தன. கையுறை ஆசையோடுதான் கூட்டினாள். வாசலில் இருந்த பையைத் தூக்கியபோது அது கிழிந்து, உடைந்த தம்ளர்கள் அவள் காலடியில் கொட்டின. எதிலும் தாள் சுற்றியிருக்கவில்லை.

கதவோரம் ஒரு வேலைக்காரப் பெண் நின்றிருந்தாள். ஊருக்குப் புதிய முகம்.

"ஏம்மா, கண்ணாடின்னா சுத்தித்தான வைப்பீங்க? இன்னிக்கு என்ன ஆச்சு?"

"நானா? அது பழைய சமையக்காரம்மா வழக்கமாம். எல்லாத்தையும் சுத்திச் சுத்தி வைப்பாங்களாம். முட்டி வீங்கிப் படுத்துட்டாங்க. கொஞ்ச நாளு பாத்துட்டு, படுத்துக் கெடக்கிறவளுக்கு எதுக்குச் சம்பளம்னு அம்மா நிறுத்திட்டாங்க. அந்த எடத்துக்குத்தான் நான் வந்திருக்கேன்."

கையுறைக்கு வீடு வீடாகப் போய்ச் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அடிப்பாவி, யாரோ ஒரு சமையல்காரிக்கா நான் ஓட்டுக் கேட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மேஸ்திரி வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துப் பேசினார். "வராத ஆளுங்கள இன்னிக்கே நிறுத்தச் சொல்லி மேயரம்மா ஆர்டர். நாளைக்குப் புது ஆளு வருது. தங்கச்சிகிட்டச் சொல்லிடு."

அவள் அடுத்த வீட்டுப் பைகளை எடுக்க நடந்தாள். தெருமுனையில் வக்கீல் குப்பைப் பையோடு வந்து நின்றார். தோற்ற மனிதருக்கு முகம் வாடித்தான் இருந்தது.

"தங்கச்சி கை எப்படிம்மா இருக்கு?"

"பரவால்ல சார்," என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கினாள். ஏறிட்டுப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு திரும்பி வந்து மேயர் வீட்டு வாசலில் குந்தினாள். சுவரில் பாதி உரிந்து தொங்கிய சுவரொட்டியை இழுத்துக் கிழித்தாள். டாக்டரம்மா அதில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதில் வைத்து, நாலு சுற்றுச் சுற்றி, முகத்துணியை அவிழ்த்துக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். நாளைக்கு வரப்போகிற புது ஆளுக்கும் யாரும் கையுறை கொடுக்கப்போவதில்லை.