பெஞ்சை விட்டு எழுந்திருக்காத ஆட்டக்காரர்

போனை வைத்ததும் நான் போட்ட கூச்சலில் ரக்பி கிளப்பே எழுந்து நின்றது. "டாக்டர் தரப்பு தப்பை ஒத்துக்கிட்டாங்க! நஷ்டஈடு தர்றாங்களாம்!"

என் வீட்டுக்காரர் எம்ரிஸுக்கு விதையில் வீக்கம் வந்தபோது அந்த டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் வேல்ஸ் பள்ளத்தாக்கில் ஆம்பளைக்கு எங்கே வீங்கினாலும் ரக்பிதான் காரணம். "ஆடறியா?" என்றார். இவரும் பெருமையாக "ஆமா" என்றார். ஆட்டத்தில் பட்ட உதை என்று அவரே முடிவுகட்டி, ஐஸ் வைக்கச் சொன்னார். புற்றுநோய் வயிற்றுக்குப் பரவிய பிறகுதான் வேறொரு டாக்டர் கண்டுபிடித்து, ஒரு விதையை எடுத்து, கீமோ கொடுத்துக் காப்பாற்றினார்.

வழக்குப் போட்டோம். "அப்ப இருந்தது உதை பட்ட வீக்கம்தான், புற்று அப்புறம் வந்தது" என்று சாதித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேப்டன் கெத்தினை வக்கீலிடம் இழுத்துப் போனேன். மொத்த டீமும் பின்னாலேயே வந்துவிட்டது.

"இவனை யாரு உதைக்கிறது? ரெண்டு சீசனா பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தான். டிராயர்ல சேறே பட்டதில்ல!" என்றான் கெத்தின். அத்தனை பேரும் அப்படியே சாட்சி சொன்னார்கள். என் அப்பாவிடம்கூட ஆட்டக்காரன் என்று அளந்திருந்த மனுஷனுக்கு முகம் சிவந்துபோனது.

இப்போது பீர் பொங்கி வழிய, எம்ரிஸ் மெல்லக் கேட்டார்: "சனிக்கிழமையாவது என்னை இறக்குவியாடா?"

கெத்தின் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "ரெண்டு இருந்தப்பவே இறக்கல. ஒண்ணை வச்சுக்கிட்டுக் கேக்கறியே!"