மூன்று முறை தட்டிய ஓலை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வாரப் பத்திரிகையின் இணையதளத்தில் கதையை ஏற்றி 'அனுப்பு' பொத்தானைத் தட்டினேன். நன்றி இல்லை, வணக்கம் இல்லை; அதே படிவம் வெறுமையாக வந்து நின்றது. போகவில்லை போல என்று மறுபடி தட்டினேன். பிறகும் தட்டினேன். மறுநாள் உதவி ஆசிரியர் அழைத்தார்.

"சார், மூணு கதையும் படிச்சேன். மூணாவதுல கொஞ்சம் தொய்வு."

அவரை மன்னித்துவிட்டேன். படிவத்தை மன்னிக்கவில்லை.

2

தொடக்கம்: "காவிரிப் பாலத்தின் மேல் மஞ்சள் வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது ஆன்சி..."

வேண்டாம். திருச்சிக் கதை என்றால் பாலத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று சட்டமா?

மறுபடி: புத்தூரில், மருந்துக்கடை மாடியில், இணையதளம் செய்து தரும் ஒரு சின்ன அலுவலகம். அங்கே வேலை பார்க்கும் ஆன்சி தன் பங்குக் கோயிலுக்கு இலவசமாக ஒரு தளம் செய்து கொடுத்தாள். கல்யாண ஓலைக்கும்* அதில் படிவம் வைத்தாள். அதை முதலில் நிரப்பப் போவது தன் மாப்பிள்ளை ஜோஸ்தான் என்று அவளுக்குத் தெரியும். ஜோஸுக்குக் கப்பலில் வேலை. தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் வரும்போது அவன் நடுக்கடலில் இருப்பான். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்னால் மிச்சம் மூன்றே ஞாயிறு.

(* மணமக்கள் பெயரை மூன்று ஞாயிறு பூசையில் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பது. பனைமரத்துக்கு இதில் வேலையில்லை.)

3

ஜோஸ் நிரப்பினான். தட்டினான். வெற்றுப் படிவம். மிச்சத்துக்கு எண் 1ஐப் பார்க்க.

ஞாயிறு பூசையில் ஆன்சி புதுச் சேலையில், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் யார் பெயரோ வந்தது. பூசை முடிந்ததும், தளத்தில் வருவதையெல்லாம் எடுத்துப் பதியும் கோயில் உபதேசியார் இன்னாசிராஜைப் பிடித்தாள்.

"என்ன உபதேசியாரே, எங்க ஓலையை வாசிக்கலையே?"

"உங்களுக்குத்தான் மூணும் முடிஞ்சிருச்சே பாப்பா! கம்ப்யூட்டர்ல மூணு விழுந்திருக்கு. பந்தல்காரனைப் பாருங்க."

"அது ஒண்ணுதாங்க. மூணு தடவை வந்திருக்கு."

"ஓலைன்னா மூணு தடவைதானேம்மா?"

[உபதேசியாரை மக்காகக் காட்டுகிறேனோ என்று ஒரு சந்தேகம். இல்லை. 'இனி எல்லாமே இணையத்தில்தான்' என்று பங்குத்தந்தை பிரசங்கம் வைத்தார். அதை உண்மையிலேயே கேட்டவர் இவர் ஒருவர்தான்.]

4

பக்கத்து மேசை அழகிரி ஸ்ரீரங்கத்துக்காரர். ஆன்சியின் நிரலைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"ஏம்மா, பெருமாளைச் சேவிச்சா நாமளா நகர்வோமா? 'நகருங்கோ, நகருங்கோ'ன்னு ஒருத்தர் விரட்டினாத்தான் வெளியில வருவோம். படிவத்தை வாங்கினதும் 'கிடைச்சுது'ன்னு வேற பக்கத்துக்கு ஆளை அனுப்பிடணும். நீ சன்னதியிலேயே நிக்க வெச்சுட்டே. நின்னா திரும்பச் சேவிக்கத்தானே செய்வா?"

"ஒரே ஒரு வரி சார், விட்டுப்போச்சு."

"அந்த வரியிலதான் உன் கல்யாணம் நிக்கறது."

அந்த வரியை அப்போதே எழுதிச் சேர்த்தாள்.

5

பங்குத்தந்தை வழி சொன்னார். "மிச்சம் ரெண்டு ஞாயிறுல வாசிச்சிடலாம். விட்டுப்போன ஒண்ணுக்கு மட்டும் ஆயர்கிட்ட விலக்கு கேட்போம், நம்ம தளத்துலயே எழுதிப் போடுங்க. மூணுக்கும் கேட்டா, எதையோ மறைக்கிறீங்கன்னு ஆயிரும்."

ஆன்சி எழுதினாள், தட்டினாள். திரை அழகாக நகர்ந்து, 'பெற்றுக்கொண்டோம்' என்றது.

"போயிருச்சா?" என்றான் ஜோஸ்.

"போயிருச்சு."

"எதுக்கும் இன்னொரு தட்டு தட்டேன் ஆன்சி. ஒரு தடவை அனுப்பினா யாரு மதிக்கிறா?"

நகர்த்தும் வரியை எழுதியவளே அவள்தான். இன்னொன்று போனால் இன்னாசிராஜ் அதை இன்னொரு விலக்காகத்தான் எடுத்துக்கொள்வார் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் விரல், பின்னால் போகும் அம்புக்குறியின் மேல் வந்து நின்றுவிட்டது.

முடிவு அ: விரலை எடுக்கிறாள். சாம்பல் புதனுக்கு முந்தின நாள் கல்யாணம். பிரியாணிக்கு அழகிரி வரவில்லை, மொய்க்கு வந்தார்.

முடிவு ஆ: தட்டுகிறாள். உறுதிக்கு ஜோஸும் தன் போனில் ஒன்று. மூன்றையும் இன்னாசிராஜ் பயபக்தியோடு ஆயருக்கு...

முடிவு இ: ஆயர் கடிதத்தைப் பிரித்து... இல்லை, ஆயர் வீட்டுக்குள் நான் போனதில்லை.

எதுவென்று சொல்வேன் என்று இன்னும் இங்கேயே நிற்கிறீர்கள். மேலே போய்த் திரும்பப் படித்தாலும் அந்த விரல் அதே இடத்தில்தான் இருக்கும். உங்கள் விரல் எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

நகருங்கோ.