பெரிய மேடமும் குளியலறை யானையும்

எங்கள் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவர்கள் இரண்டு பேர். பக்கத்து அறையில் இருப்பவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'அட்டவணை சார்'. அவர் வகுப்பில் வினைச்சொல் அட்டவணைகளைப் பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். அந்தச் சத்தத்தில் வாசல் காவலாளிக்கே பாதி மனப்பாடம். பெற்றோர்களுக்கு அவர் மேல் தனி மரியாதை.

என் வகுப்பில் கேட்பது என் குரல் மட்டும்தான். நான் கதை சொல்வேன். முழுக்க பிரெஞ்சில், மெதுவாக, கையைக் காலை ஆட்டி, பலகையில் படம் போட்டு, கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டு. பிள்ளைகள் புரிந்ததற்குத் தலையாட்டினால் போதும். புரிகிற மொழி காதில் விழுந்துகொண்டே இருந்தால் பேச்சு தானாக வரும் என்பதுதான் இந்த முறை. ஒரே ஒரு சட்டம் உண்டு. யாராவது தமிழில் பேசிவிட்டால் மற்றவர்கள் எல்லோரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறி போல வைப்பார்கள்.

பேச்சு தானாக வரும். பாதி ஆண்டு போய்விட்டது, வரவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள், அழ வேண்டிய இடத்தில் உதட்டைப் பிதுக்கினார்கள். வாய் மட்டும் திறக்கவில்லை. நான் பொறுமையாக இருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உள்ளுக்குள் அதற்குப் பெயர் பயம். இந்த முறையை நம்புகிறேனா, இல்லை, அத்தனை ஜோடிக் கண்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கும் சுகத்தை விட மனமில்லையா? கேள்வி வரும்போதெல்லாம் பலகையில் இன்னொரு யானை வரைந்தேன்.

தலைமையாசிரியையை எல்லோரும் பெரிய மேடம் என்போம். கணக்கு நடத்தி மேலே வந்தவர், பிரெஞ்சு ஒரு சொல்கூடத் தெரியாது. என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"என்னம்மா, உங்க கிளாஸ் பிள்ளைங்களுக்கு வாயில கொழுக்கட்டையா? ஒரு பொண்ணோட அப்பா வந்து கேக்கிறாரு, பொண்ண பிரெஞ்சு பேசிக் காட்டுன்னா யானை மாதிரி நடந்து காட்டுறாளாம்."

"நல்லா நடந்தாளாமா மேடம்?"

அவர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை நானே வந்து உக்காந்து பாக்கறேன். சரியா வரலேன்னா திங்கட்கிழமையிலேருந்து நீங்களும் புத்தகம், அட்டவணைதான். கதை கிதை எல்லாம் மூட்டை கட்டிடணும்."

வெள்ளிக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் கணவரிடம் ஒத்திகை பார்த்தேன். டம்ளரைத் தூக்கிக் காட்டி, "இது டம்ளரா? ஆமா, டம்ளர். இது டம்ளரா, யானையா?"

"அம்மா தாயே, எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு."

"நேரமாச்சா? யாருக்கு நேரமாச்சு? யானைக்கா, உங்களுக்கா?"

"இன்னைக்கு எப்படியாவது ஜெயிச்சிட்டு வந்துடு," என்றார் பையை மாட்டிக்கொண்டே. "அங்க சொல்ல முடியாத கதையெல்லாம் நீ வீட்டுல எனக்கே நடத்த ஆரம்பிச்சேன்னா என்னால தாங்க முடியாது."

பெரிய மேடம் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முழங்கால் பெஞ்சுக்குள் நுழையாமல் காலைப் பக்கவாட்டில் நீட்டியிருந்தார். நான் ஆரம்பித்தேன். (வகுப்பில் பேசியது பிரெஞ்சு, இங்கே தமிழில் எழுதுகிறேன்.)

"ஒரு யானை இருக்கிறது. யானைக்குக் காடு வேண்டாம். வீடு வேண்டும். யானைக்குக் குளியலறை வேண்டும். குளியலறை பெரியதா, சிறியதா?" கைகளைக் குறுக்கிக் காட்டினேன். "சிறியது. யானை வருகிறது. தும்பிக்கை உள்ளே. தலை உள்ளே. வயிறு?"

வயிறு கதவில் சிக்கியதை நடித்துக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசி பெஞ்சிலும் ஒரு சிரிப்பு, எல்லாவற்றையும்விடச் சத்தமாக. அடுத்த நொடி, அந்த முகத்தில் திருடும்போது பிடிபட்டவளைப் போல ஒரு திகைப்பு. பெரிய மேடம் எழுந்தே விட்டார், வாயில் வந்தது தமிழ்.

"இருங்க இருங்க. எனக்கே புரியுதே! எனக்கே புரிஞ்சா இது என்ன பாடம்?"

வகுப்பு மொத்தமும் கைகளைத் தலைக்கு மேல் பெருக்கலாக்கியது. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. சட்டம் சட்டம்தான்.

பெரிய மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒழுங்கு என்றால் அவருக்கு உயிர், அதனால் சட்டத்தை மீறவும் மனம் வரவில்லை. முன் பெஞ்சிலிருந்த ஒரு பாடப்புத்தகத்தைத் தூக்கிக்காட்டி, புருவத்தை உயர்த்தினார். அவருக்குச் சொல் வேண்டியிருந்தது. ஆசிரியை புத்தி எங்கே போகும்? "புத்தகம்," என்று பிரெஞ்சில் எடுத்துக் கொடுத்தேன். என்னை மூட்டை கட்டப்போகும் வாக்கியத்துக்கு நானே சொல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"யானை வேண்டாம்," என்றார் பெரிய மேடம், அழகான பிரெஞ்சில். "புத்தகம் வேண்டும்!"

என் வகுப்பில் தானாகப் பேச்சு வந்த முதல் ஆள் அவர்தான்.

ஜன்னலோரத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "இல்லை," என்றாள் பிரெஞ்சில். "புத்தகம் வேண்டாம். யானை வேண்டும்."

"புத்தகம் சிறியது," என்றது இன்னொரு குரல். "யானை பெரியது!"

"பெரிய மேடத்துக்கு வீடு இருக்கிறது. யானைக்கு வீடு இல்லை!"

பாதி ஆண்டாகப் பூட்டிக் கிடந்தது உடைத்துக்கொண்டு வந்தது. தமிழில் சொல்லியிருந்தால் வெளியே முட்டி போட்டிருப்பார்கள். இங்கே இது பாடம். பெரிய மேடத்தை எதிர்த்துப் பேச வாழ்க்கையில் கிடைத்த ஒரே இடம், அதைப் பிள்ளைகள் வீணாக்கவில்லை. பிள்ளைகளின் முதல் வாக்கியம் எனக்காக வரும் என்று இத்தனை நாள் காத்திருந்தேன். அது என்னைத் தாண்டி, என் தலைக்கு மேலே, வேறொருவர் மேல் பாய்ந்தது. கொஞ்சம் வலித்தது. பிறகு வலித்ததை நினைத்தே சிரிப்பு வந்தது.

"ஏன்?" என்று ஜன்னலோரத்துப் பெண் கேட்டாள். "ஏன் புத்தகம்?"

பெரிய மேடம் வாயைத் திறந்தார், மூடினார். மணி அடித்தது.

நடைபாதையில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். முகமெல்லாம் வியர்வை. "என்னம்மா இது, இவ்வளவு வாயாடிப் பிள்ளைங்களா இருக்குதுங்க!"

"வாயே திறக்கலேன்னு சொன்னீங்களே மேடம்."

"அது சரி. ஆனா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம நான் எப்படிம்மா விடுறது? எங்கிட்ட காரணம் இருக்கு. வார்த்தைதான் இல்ல." குரலைத் தாழ்த்தினார். "திங்கட்கிழமையும் வரேன். பதில் சொல்லி முடிச்சிட்டு, அதுக்கப்புறம் புத்தகத்தை ஆரம்பிச்சுக்கலாம்."

"சரிங்க மேடம்."

என்னை எதிர்த்து ஒரு முழு வாதம் செய்ய அவருக்கு 'ஏனென்றால்' வேண்டும், 'சுலபம்' வேண்டும், 'பெற்றோர்' வேண்டும், 'தேர்வு' வேண்டும். எல்லாமே கற்றுக்கொடுக்கக்கூடியவைதான். ஆனால் என் முறையில் அவசரம் ஆகாது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கதை வேண்டும்.